அடித்தது வேறு, மறைத்தது வேறு: ‘ரிடாக்ட்’ என்ற சொல்லைப் பற்றி

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உங்கள் வீட்டை ஒட்டி ஒரு மாடிக் கட்டடம் எழும்புகிறது. உங்கள் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போன ஆய்வு அறிக்கையின் நகல் வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டீர்கள். ஆறு பக்கம் வந்தது. இங்கே ஒரு பெயர், அங்கே ஒரு செல் நம்பர் என்று சின்னச் சின்னக் கருப்புக் கட்டங்கள்; நான்காம் பக்கத்தில் மட்டும் பாதிப் பக்கமே கருப்பு. கூட வந்த கடிதத்தில் ஒரே வரி: ‘ரிடாக்டட் காப்பி இணைக்கப்பட்டுள்ளது.’ ஓர் அகராதி அதற்குப் ‘பதிப்பித்தல், தொகுத்தல்’ என்கிறது. இன்னொன்று ‘தணிக்கை செய்தல்’ என்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த உங்கள் மைத்துனரோ, அது கட்டுரை எழுதுவது என்கிறார். இதில் எது சரி, தமிழில் அதற்கு என்ன சொல்வது, இப்படிக் கருப்படித்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

மைத்துனரும் சரி, முதல் அகராதியும் சரி. இரண்டாவது அகராதியோடுதான் எனக்குச் சண்டை. பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் மூன்றுக்கும் நடுவே பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பெயர்த்துக் கொடுப்பதுதான் முப்பது வருடமாகப் புதுச்சேரியில் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லின் வேர் லத்தீன். ‘ரெதிகெரே’ என்றால் திரும்ப ஓட்டிக்கொண்டு வருதல். மேயப் போன மாட்டைத் தொழுவத்துக்குத் திருப்பி ஓட்டுவது போல. சிதறிக் கிடப்பதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வருவது என்று பொருள் விரிந்தது. அங்கிருந்து, எழுதி வைத்தவற்றைச் சேர்த்து, வெட்டி, ஒட்டி ஒரு வடிவத்துக்குக் கொண்டு வருவதும் ஆயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் படியிலேயே நின்றுவிட்டார்கள். இங்கே லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ‘ரெதாக்ஸியோன்’ எழுதுகிறேன் என்றால் கட்டுரை எழுதுகிறார்கள் என்று அர்த்தம். பத்திரிகை ஆசிரியருக்கு ‘ரெதாக்தேர்’ என்று பெயர். ஆங்கிலமும் நெடுங்காலம் அதே பொருளில்தான் இந்தச் சொல்லை வைத்திருந்தது. சுவடி ஆராய்ச்சிக்காரர்கள் இன்றும் அப்படிப் பேசுவார்கள்: பல ஏடுகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தை உருவாக்கியவர் ரிடாக்டர், உருவான பாடம் ரிடாக்‌ஷன். இங்கே பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தில் சைவச் சுவடிகளை வைத்து வேலை செய்பவரிடம் போய் இந்தச் சொல்லைச் சொன்னால், கருப்பு மார்க்கர் அவர் நினைவுக்கு வராது.

பொருள் மாறியது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெரும்பாலும் அமெரிக்கச் சட்டப் பேச்சில். ஓர் ஆவணத்தை வெளியே கொடுக்கத் தகுந்த வடிவத்துக்குக் கொண்டு வருவது என்ற பொருள், அதிலிருந்து கொடுக்கக் கூடாததை மறைப்பது என்று சுருங்கியது. அரசாங்கக் காகிதத்தைப் பொதுமக்கள் கேட்டு வாங்கலாம் என்று அமெரிக்காவில் 1966-ல் சட்டம் வந்தது. கேட்டால் கொடுக்க வேண்டும், ஆனால் முழுதாகக் கொடுக்க முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் இப்படி ஒரு சொல்லுக்கே வேலை. இந்தியாவுக்கு அந்தத் தேவை 2005-ல் வந்தது, சொல்லும் பின்னாலேயே வந்துவிட்டது. ஒன்று கவனியுங்கள்: நம் சட்டத்தில் ‘ரிடாக்ட்’ என்ற சொல்லே கிடையாது. சட்டம் சொல்வது, விலக்குப் பெற்ற பகுதியைப் பிரித்துவிட்டு மீதியைக் கொடுப்பது. ‘ரிடாக்டட் காப்பி’ அலுவலக வழக்கு.

பிரெஞ்சில் அப்படியானால் கருப்படிப்பதற்கு என்ன சொல்கிறார்கள்? இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ‘கவியார்தே’ என்பார்கள். கவியார் என்றால் ஸ்டர்ஜன் மீனின் சினை, கருகருவென்று இருக்கும். ரஷ்யாவில் முதலாம் நிக்கோலாய் மன்னர் காலத்தில், வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பிடிக்காத பத்திகள் மீது அதிகாரிகள் கருப்பு மையை அப்பி அனுப்புவார்களாம். ரொட்டியில் மீன் சினை தடவியது போல இருந்ததால் இந்தப் பெயர் என்று சொற்பிறப்பு சொல்கிறார்கள். கடலூர் முதுநகரில் மீன் வாங்கிப் பழகிய உங்களுக்குச் சினை என்றால் மஞ்சளாகத்தான் தோன்றும், அது வேறு விஷயம்.

சரி, தமிழுக்கு வருவோம். சொல் தேடுவதற்கு முன்னால் பொருளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு பத்திரத்தைக் காட்டுகிறேன்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்து நொத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் அதிகாரி) எழுதிய கிரயப் பத்திரங்கள் இன்னும் என் மேசைக்கு வருகின்றன. முத்தியால்பேட்டை வீடு ஒன்றுக்கு வந்த பத்திரத்தில், எல்லை சொல்லும் வரியில் மூன்று சொற்கள் தவறாக எழுதப்பட்டிருந்தன. நொத்தேர் அவற்றின் குறுக்கே ஒரே ஒரு மெல்லிய கோடு இழுத்திருக்கிறார். அடியில் இருக்கும் சொல் அப்படியே படிக்க வருகிறது. ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: மூன்று சொற்கள் அடிக்கப்பட்டன, அவை செல்லா. அதன் கீழே எல்லாத் தரப்பாரின் சுருக்கொப்பம். பிரான்சில் 1803-ல் வந்த நொத்தேர் சட்டம் இதைத்தான் கேட்கிறது. அடித்த சொற்கள் எத்தனை என்று எண்ணி ஓரத்தில் குறிக்கும்படியாக அடிக்க வேண்டும். மையைக் கொட்டி மறைத்தால் அங்கே என்ன இருந்தது என்ற சந்தேகம் வந்துவிடும். நம் பக்கம் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலும் இதே கவலை உண்டு: அடித்தல், திருத்தல், இடைச்செருகல் இருந்தால் எழுதிக் கொடுத்தவர் அங்கங்கே கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் சார்பதிவாளர் பத்திரத்தை மறுக்கலாம்.

இப்போது அந்த நொத்தேர் பத்திரத்தையும் உங்கள் நான்காம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நொத்தேர் அடித்த சொல்லை யாரும் படிக்கலாம், ஆனால் அது செல்லாது. உங்கள் அறிக்கையில் கருப்புக்குக் கீழே இருப்பது முழுக்கச் செல்லும். மூலக் கோப்பில் அது ஓர் எழுத்துக் குறையாமல் இருக்கிறது. நாளை அதை வைத்து ஒரு அதிகாரி முடிவெடுக்கலாம், நீதிபதி வரவழைத்துப் படிக்கலாம். உங்கள் கண்ணுக்கு மட்டும் இல்லை. அதனால்தான் ‘அடித்தல்’, ‘நீக்கம்’ இரண்டும் ரிடாக்‌ஷனுக்கு ஆகாது. ‘சில பகுதிகள் நீக்கப்பட்ட நகல்’ என்று ஒருவர் எழுதினால், அந்தப் பகுதிகள் அறிக்கையிலிருந்தே போய்விட்டன என்று இன்னொருவர் வாதாட இடம் கொடுத்ததாகிவிடும். மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு சொல்லால் வழக்கே திரும்பிப் போனதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

தணிக்கையும் ஆகாது என்பது என் கட்சி. முதல் காரணம் சில்லறையானது: தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இரட்டை வேலை. கணக்குப் பார்க்கிறவரும் தணிக்கையாளர், படம் பார்த்து வெட்டுகிறவரும் தணிக்கையாளர். மூன்றாவது வேலையும் கொடுத்தால் தாங்காது. முக்கியமான காரணம் வேறு. தணிக்கை என்பது எதைச் சொல்லலாம் என்று தீர்மானிப்பது, அதுவும் தடம் தெரியாமல். நெருக்கடி நிலை வந்தபோது 1975 ஜூன் 28-ல் இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. அதிகாரிகளுக்குப் பிடிக்காமல் போனது அந்த வெற்றிடம்தான். அப்படி இடம் விட்டு அச்சிடுவதும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வெட்டியதே தெரியக் கூடாது என்பது தணிக்கையின் ஆசை. ரிடாக்‌ஷனோ நேர்மாறு: இங்கே ஒன்று இருக்கிறது, இவ்வளவு நீளம் இருக்கிறது, உனக்குக் காட்டவில்லை என்று பட்டவர்த்தனமாகச் சொல்லும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இதில் இல்லை. பூசணிக்காய் இருக்கிறது, மேலே துணி போட்டிருக்கிறேன் என்கிற வேலை.

‘இருட்டடிப்பு’ என்று பத்திரிகைக்காரர்கள் சிலர் எழுதுகிறார்கள். கருப்பு மைக்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் தமிழில் இருட்டடிப்பு செய்தார்கள் என்றால், ஒரு செய்தியை வேண்டுமென்றே அமுக்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு பெண்ணின் பெயரைக் காப்பாற்ற மை தடவியதை இருட்டடிப்பு என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ‘திரையிடல்’ நல்ல சொல்தான், சினிமா எடுத்துக்கொண்டுவிட்டது.

மிஞ்சுவது பழைய எளிய சொல்: மறைப்பு. ‘பகுதி மறைத்த நகல்’ என்று நான் எழுதுகிறேன். வினையாக வேண்டும் என்றால் ‘மறைத்துத் தருதல்’. இதில் ‘தருதல்’ முக்கியம், ஏனென்றால் கொடுக்காமல் மறைப்பது வெறும் மறைப்பு. மீதியைக் கொடுத்தால்தான் ரிடாக்‌ஷன். பெயரளவில் இது புதிய கலைச்சொல் போலத் தெரியாது, யாருக்கும் அகராதி தேவைப்படாது.

தமிழுக்கு இந்த விவகாரம் புதிதும் அல்ல. சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதை இடக்கரடக்கல் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ‘கால் கழுவி வந்தேன்’ ரகம். அது சொல்லை மறைப்பது. ஆளை மறைக்கவும் ஒரு விதி இருக்கிறது, அது இன்னும் சுவையானது. அகப்பாட்டில் காதலன், காதலியின் பெயரைச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம்: ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்.’ தலைவன், தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். ஊடலும் பிரிவும் அந்தரங்கம், அதை இன்னாருடையது என்று ஊருக்குச் சொல்லாதே என்பது இலக்கணமாகவே இருந்திருக்கிறது.

அந்த விதி எப்படிக் கசிந்தது என்பதற்கும் ஒரு பழைய கதை உண்டு. நெடுநல்வாடையில் தலைவனைப் பிரிந்து துடிக்கும் அரசி, பாசறையில் இரவில் விழித்துத் திரியும் அரசன், இருவருக்கும் பெயர் இல்லை. முழுக்க அகப்பாட்டுப் போலவே இருக்கும். ஆனால் வீரன் ஒருவன் கையிலிருக்கும் வேலின் தலையில் வேப்பந்தார் கட்டியிருக்கிறது என்று ஒரு வரி வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. போயிற்று! அரசன் யார் என்று தெரிந்துவிட்டது, ஆகையால் இது அகமாகாது, புறம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதிவிட்டார். பெயரை மறைத்தவர் வேப்பம்பூவை மறைக்க மறந்தார்.

இன்று அலுவலகங்களில் நடப்பது பெரும்பாலும் இந்த வேப்பம்பூப் பிழைதான். பெயரின் மேல் மை பூசுவார்கள். ‘முதுநகரில் ஐஸ் ஃபேக்டரிக்கு எதிரே குடியிருக்கும், சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற தலைமையாசிரியை’ என்று அடுத்த வரியில் விட்டுவிடுவார்கள். தெருவுக்கே தெரிந்துவிடும். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் பற்றிய சட்டம் இதனால்தான் பெயரோடு நிற்கவில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவும், அதன் இடத்துக்கு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவும், பெயர் மட்டுமல்ல, அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்கின்றன. ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று அடைப்புக்குறியில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதுகிற செய்தியாளர்கள் வேலில் வேப்பந்தார் கட்டுகிறவர்கள்.

நீதிமன்றங்களிலும் இந்தச் சொல் இப்போது பெரிய தலைவலி. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு: குற்றம் சாட்டப்பட்ட ஒருவரை மதுரைக் கிளை 2014-ல் விடுதலை செய்தது. ஆனாலும் அவர் பெயரைத் தேடினால் இணையத்தில் அந்தத் தீர்ப்பு முன்னால் வந்து நிற்கிறது. என் பெயரை ரிடாக்ட் செய்யுங்கள் என்று கேட்டார். 2021-ல் தனி நீதிபதி மறுத்தார். இதற்கென்று சட்டம் வரட்டும் என்பது அவர் நிலை. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, பெயரை மறைக்கச் சொன்னது, தீர்ப்பைத் தன் தளத்தில் வைத்திருந்த நிறுவனத்திடம் அதை எடுத்துவிடவும் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தன் பெயர் வேண்டாம் என்று வருடக்கணக்கில் அலைந்தவரின் பெயரை உதாரணத்துக்காக எழுதுவது அவ்வளவு அழகல்ல. இந்த வழக்கிலும் கவனியுங்கள், தீர்ப்பு செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. தீர்ப்பு அப்படியே இருக்கட்டும், பெயர் மட்டும் கண்ணில் படாமல் போகட்டும் என்பதுதான் கேட்டது.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த நான்காம் பக்கத்தை ட்யூப் லைட்டுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தீர்களா? எல்லாரும் பார்ப்பார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பல சமயம் தெரிந்தும்விடும்.

இரண்டு வருடம் முன்பு எங்கள் மாடியை வாடகைக்கு விட்டேன். ஒப்பந்தத்தோடு என் ஆதார் நகலும் வேண்டும் என்றார்கள். பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில், நம்பரை மறைத்துக் கொடு என்றேன். பையன் நகலை எடுத்து, தடி மார்க்கரால் இரண்டு இழுப்பு இழுத்து நீட்டினான்.

“கருப்படிச்சாச்சு அண்ணே, இனி யாருக்கும் தெரியாது.”

“கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சுப் பாரு தம்பி.”

சாய்த்தான். மார்க்கர் மை மங்கலாக இருந்தது, அதற்குக் கீழே ஜெராக்ஸ் டோனர் எண்ணெய் பூசியது போல மின்னியது. பன்னிரண்டு இலக்கமும் வரிசையாகப் படிக்க வந்தன. அவனே ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, “அட” என்றான். அப்புறம் நம்பர் இருந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறுபடி நகல் எடுத்தோம். இரண்டு ரூபாய் வேலை. மார்க்கரால்தான் அடிப்பேன் என்றால், அடித்த தாளைக் கொடுக்காமல் அதை மறுபடி நகலெடுத்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

இதில் அந்தப் பையனைக் குறை சொல்ல முடியாது, பெரிய பெரிய வக்கீல்களே சறுக்கியிருக்கிறார்கள். 2023-ல் மைக்ரோசாஃப்டுக்கு எதிரான வழக்கில் சோனி நிறுவனத்தின் ஆவணம் ஒன்றை மார்க்கரால் அடித்து ஸ்கேன் செய்து தாக்கல் செய்தார்கள். மைக்குக் கீழே எழுத்துத் தெரிந்து, வீடியோ கேம் தயாரிக்க ஆன செலவெல்லாம் உலகத்துக்கே தெரிந்துபோயிற்று. கணினியில் செய்தால் இன்னும் மோசம். 2019 ஜனவரியில், டிரம்பின் தேர்தல் குழுத் தலைவராக இருந்த பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த பிடிஎஃப்-பில் சில பத்திகள் கருப்பாக இருந்தன. செய்தியாளர்கள் அந்தக் கருப்பை அப்படியே தேர்ந்தெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டினார்கள், எழுத்து முழுதாக வந்து விழுந்தது. எழுத்தின் மேல் கருப்புக் கட்டம் வரைவது, பாத்திரத்தின் மேல் துணி போடுவது மாதிரிதான்; துணியைத் தூக்கினால் பாத்திரம். எழுத்தையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் கருப்பு வைக்கிற வசதி நல்ல பிடிஎஃப் மென்பொருள்களில் தனியாக இருக்கிறது. அது இல்லாதவர்கள் அச்செடுத்து, மறைத்து, ஸ்கேன் செய்வதே உத்தமம்.

போனில் படத்தின் மேல் விரலால் கிறுக்கி அனுப்புவது எல்லாவற்றிலும் மோசமானது. மார்க்கர் போன்ற பேனாவைத் தேர்ந்தெடுத்தால் அது ஒளி ஊடுருவும். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் கீழே உள்ளது தெரியும். ஆதாருக்கு இந்த அவஸ்தையே வேண்டாம். ஆணையத்தின் தளத்திலேயே முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் நகலைத் தரவிறக்கிக்கொள்ளலாம். ஆனால் முகவரியையும் மறைக்க நினைத்தால் ஓரத்தில் இருக்கும் கியூஆர் கட்டத்தை மறந்துவிடாதீர்கள். பெயர், முகவரி, படம் எல்லாம் அதற்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. இதுவும் வேப்பம்பூதான்.

ஒரு கூடுதல் எச்சரிக்கை: வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உங்களுக்கு ஏதாவது தெரிந்திருந்தால், பெயரும் செல் நம்பரும் யாருடையவோ, அவரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். மறைத்த காரணம் நியாயமாக இருக்கலாம்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி, கொடுக்கலாமா என்பது. கொடுக்கலாம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு அதற்குத்தான். ஆனால் அந்தப் பிரிவில் இரண்டு பாதி. முதல் பாதியை அலுவலகங்கள் மனப்பாடமாக வைத்திருக்கின்றன: விலக்குப் பெற்ற பகுதியைப் பிரித்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். இரண்டாம் பாதியை யாரும் புரட்டுவதில்லை. அது சொல்வது, அப்படிக் கொடுக்கும்போது பொதுத் தகவல் அலுவலர் எழுத்து மூலம் சில விவரங்களைத் தெரிவிக்க வேண்டும்: ஆவணத்தின் ஒரு பகுதி மட்டுமே தரப்படுகிறது என்பது, முடிவுக்கான காரணங்கள், முடிவெடுத்தவரின் பெயரும் பதவியும், கட்டணம், அந்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் உங்கள் உரிமை. ‘ரிடாக்டட் காப்பி இணைக்கப்பட்டுள்ளது’ என்ற ஒற்றை வரியில் இவற்றில் எது இருக்கிறது? முதலாவது மட்டும், அதுவும் அரைகுறையாக. நொத்தேர் மூன்று சொல்லை அடித்ததற்கு ஓரத்தில் எண்ணிக் குறித்து ஒப்பம் வாங்கினார். இங்கே பாதிப் பக்கத்தை மறைத்துவிட்டு ஓரம் காலி.

பெயர், செல் நம்பர் மறைத்ததை விட்டுவிடுங்கள். அவை தனிப்பட்ட விவரம், 8(1)(ஜே) பிரிவில் வரும், அதில் சண்டை போட்டுப் பயனில்லை. அந்தப் பிரிவு முன்பு நீளமாக இருந்தது. பெரிய பொதுநலன் இருந்தால் தனிப்பட்ட விவரத்தையும் கொடுக்கலாம் என்ற வாசகம் அதற்குள்ளேயே இருந்தது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே வரியாகச் சுருக்கியது. (நம் கணக்கில் அது மறைப்பு அல்ல, சுத்தமான அடித்தல். அந்தச் சொற்கள் இனிச் செல்லா.) ஆனால் 8(2) அப்படியே இருக்கிறது, கொடுப்பதால் வரும் பொதுநலன் கெடுதலைவிடப் பெரிதானால் விலக்குப் பெற்றதையும் கொடுக்கலாம் என்கிறது அது.

நான்காம் பக்கம் வேறு கதை. ஆய்வு அறிக்கையில் பாதிப் பக்கம் என்றால் அது யாருடைய செல் நம்பராகவும் இருக்க முடியாது. விரிசலின் அகலம், அஸ்திவாரத்தின் ஆழம், இரண்டு சுவருக்கும் நடுவே விட்ட இடம், பொறியாளர் கண்டது, இதில் ஏதோ ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு. இவை தனிப்பட்ட விவரம் ஆகா. வேறு விலக்கு ஏதாவது பொருந்தும் என்றால் எது என்று அவர்கள் எழுதட்டும். பதில் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 19(1) பிரிவில் எழுத வேண்டும். தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

நானாக இருந்தால் மேல்முறையீட்டின் நடுப்பத்தியை இப்படி எழுதுவேன், வேண்டியதை மாற்றிக்கொள்ளுங்கள்:

‘எனக்கு அளிக்கப்பட்ட ஆய்வு அறிக்கை பகுதி மறைத்த நகலாக உள்ளது. பெயர்களும் தொலைபேசி எண்களும் மறைக்கப்பட்டதை நான் ஆட்சேபிக்கவில்லை. 4-ஆம் பக்கத்தில் ஏறத்தாழ அரைப் பக்கம் மறைக்கப்பட்டுள்ளது. அது எந்த விலக்குப் பிரிவின் கீழ், என்ன காரணத்தால், யாருடைய முடிவின்படி மறைக்கப்பட்டது என்று 10(2) பிரிவு கோரும் அறிவிப்பு எனக்குத் தரப்படவில்லை. மறைக்கப்பட்ட பகுதி மூல அறிக்கையில் தொடர்ந்து இடம்பெற்றுள்ளது என்பதை உறுதி செய்து, அதில் என் சுவரின் நிலை பற்றிய தொழில்நுட்பக் குறிப்புகளை மட்டுமாவது மறைப்பின்றி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

‘மூல அறிக்கையில் தொடர்ந்து இடம்பெற்றுள்ளது’ என்ற வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அப்புறம், கருப்பாக வந்த அந்த நான்காம் பக்கத்தின் நகலை இணைப்பாகச் சேருங்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது மறைத்த இடத்தில் எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று சாய்த்துப் பார்த்துவிட்டு.